ஐந்து ஆறுகளைச் சுற்றி ஒரு சைக்கிள் பயணம்

சைக்கிள் நம் கிராமங்களுக்குப் புதிய பொருளன்று. பால்காரரும் பள்ளிப் பிள்ளைகளும் வயலுக்குச் செல்லும் விவசாயியும் நாள்தோறும் அதை மிதித்தே வாழ்கின்றனர். ஆயினும் ஊர்களையும் விளைநிலங்களையும் கண்டு வருவதற்கென்றே பத்துப் பேர் கூடிச் சைக்கிளில் புறப்படுவது இன்னும் அரிதாகவே இருக்கிறது. இளைஞர் மன்றங்களும் பள்ளி ஆசிரியர்களும் சிற்சில இடங்களில் இதை மேற்கொள்கிறார்கள். அப்படிச் சென்றவர்களுள் பலர், “இனி ஒரு முறை வேண்டாம்” என்று சொல்லிக்கொண்டே வீடு திரும்புவதையும் கண்டிருக்கிறோம். பெரும்பாலும் இதற்குக் காரணம் உடல் வலிமைக் குறைவன்று, முன்னேற்பாட்டின் குறைவே.

மிதமான பயணம் என்றால் என்ன? இத்தனை கிலோமீட்டர் என்று எண்ணால் மட்டும் அதற்கு வரம்பு கட்டுவது தவறு. மிதித்துக்கொண்டே பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியங்களாகப் பேச முடிந்தால் அது மிதமான வேகம். இரண்டு சொல்லுக்கு ஒரு முறை மூச்சு வாங்கினால் அது மிதத்தைக் கடந்துவிட்டது. இந்தச் சோதனையைக் குழுவில் மிக மெதுவாகச் செல்பவரிடம் நடத்திப் பார்க்க வேண்டும். முன்னால் பறக்கும் இளைஞரிடம் நடத்துவதில் பயனில்லை. நாள் முழுவதும் பயணத்தின் வேகத்தை நிர்ணயிக்கும் உரிமை அந்த மெதுவானவருக்கே உரியது. இந்த ஒன்றை ஏற்றுக்கொண்டுவிட்டால் திட்டத்தின் மற்றப் பகுதிகள் தாமாகவே ஒழுங்குபடும்.

உதாரணத்திற்கு ஒரு வழியை எடுத்துக்கொள்வோம். தஞ்சாவூரிலிருந்து வடக்கே திருவையாறு. அங்கிருந்து கண்டியூருக்குத் திரும்பி, மேற்கே திருப்பூந்துருத்தி, நடுக்காவேரி வழியாகத் திருக்காட்டுப்பள்ளி. பிறகு தெற்கே பூதலூர். அங்கிருந்து கிழக்கே மீண்டும் தஞ்சாவூர். எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். மேடு பள்ளம் இல்லாத சமவெளி. நாள்தோறும் ஐந்தாறு கிலோமீட்டர் சைக்கிளில் செல்லும் பழக்கமுள்ளவர், இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே 20 கிலோமீட்டர், பிறகு 35 கிலோமீட்டர் என்று பழகிக்கொண்டால், இதைத் தாராளமாகச் சுற்றி வரலாம்.

இந்த வழியைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. தஞ்சையிலிருந்து திருவையாற்றுக்குச் செல்பவர் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளை வரிசையாகக் கடக்கிறார். கரந்தையில் வடவாறு, பள்ளியக்கிரகாரத்தில் வெண்ணாறு என்று தொடங்கி, பாலத்துக்குப் பாலம் ஆறுகள் வந்துகொண்டே இருக்கும். பேருந்தில் போகிறவருக்கு இவை ஐந்து குலுக்கல்கள். சைக்கிளில் போகிறவருக்கு ஐந்து ஆறுகள். இவை எங்கிருந்து வருகின்றன என்ற கேள்வி அப்போது இயல்பாகவே எழும். பயணத்தின் பிற்பகுதி அந்தக் கேள்விக்கு விடை தருகிறது. குடமுருட்டி திருக்காட்டுப்பள்ளியில் காவிரியிலிருந்து பிரிகிறது. வெட்டாறும் வடவாறும் தஞ்சைக்கு மேற்கே தென்பெரம்பூரில் வெண்ணாற்றிலிருந்து பிரிகின்றன. வெண்ணாறோ கல்லணையிலேயே காவிரியை விட்டுத் தனிவழி செல்கிறது. கிழக்கே செல்லச் செல்லக் கிளைத்துப் பிரியும் நீர் வழிகளை ஒரே நாளில் குறுக்கேயும் நெடுக்கேயும் கண்டு வருபவர், பாசனம் என்ற சொல்லைப் புத்தகத்தில் படித்ததைவிட நன்றாக அறிந்துகொள்வார்.

“இவ்வளவு தூரம் போனவர்கள் கல்லணையையும் பார்த்துவிடலாமே” என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். மறுத்துவிடுங்கள். திருக்காட்டுப்பள்ளியிலிருந்து கல்லணைக்குப் போய்த் திரும்பினால் 30 கிலோமீட்டருக்கு மேல் கூடிவிடும், அறுபது தொண்ணூறாகும். கல்லணை எங்கும் போய்விடாது. அதற்கு இன்னொரு நாள் ஒதுக்கலாம். வழியில் சேர்த்துக்கொண்ட “இன்னும் ஓர் இடம்” கெடுத்த பயணங்களே அதிகம் என்பது எம் அனுபவம்.

காலத்தைத் தேர்ந்தெடுத்தல்

டெல்டாவில் எந்த மாதம் செல்வது என்பது எந்த வழியில் செல்வது என்பதைக் காட்டிலும் முக்கியமானது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12ஆம் தேதி திறக்கப்பட்டு ஜனவரி 28ஆம் தேதி மூடப்படும். இடைப்பட்ட காலத்தில்தான் ஆறுகளில் நீரையும் வயல்களில் பசுமையையும் காணலாம். ஆனால் இந்தத் தேதியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாகாது. 2022இல் அணை மே 24ஆம் தேதியே திறக்கப்பட்டது. நீர் இருப்புக் குறைந்திருந்த 2024இலோ ஜூலை 28ஆம் தேதிதான் திறக்கப்பட்டது. ஆகவே நாள் குறிக்கும் முன் செய்தித்தாளைப் பார்த்துக்கொள்வது நல்லது. மாசி முதல் வைகாசி வரை ஆறுகள் பெரும்பாலும் மணலாகவே கிடக்கும், வெயிலும் கடுமை. அந்த மாதங்களை விட்டுவிடலாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம், அதையும் விட்டுவிடலாம்.

மிஞ்சுவன ஆடி, ஆவணி ஒரு புறம். மார்கழி, தையின் முற்பகுதி மற்றொரு புறம். ஆடியில் நாற்றங்காலும் நடவும் குறுவைப் பயிரும் கண்ணுக்கு விருந்து. மார்கழியில் சம்பா கதிர் வாங்கி நிற்கும். காலை நேரம் குளிர்ந்திருக்கும். ஆடிப்பெருக்கன்றும், ஜனவரியில் தியாகராசர் ஆராதனை நாட்களிலும் திருவையாற்றில் கூட்டம் மிகுதி. சைக்கிள் குழுவோடு அந்நாட்களில் அங்கே நுழைவது உசிதமன்று.

மலைநாட்டில் சைக்கிள் ஓட்டுபவருக்கு ஏற்றம் எதிரி. சமவெளியில் காற்றே எதிரி. ஆடியில் காற்று மேற்கிலிருந்து வீசும்; காலையில் மெலிந்திருந்து, பொழுது ஏற ஏற வலுக்கும். நாம் சொன்ன வழியில் மேற்கு நோக்கிய பகுதி காலையிலும் கிழக்கு நோக்கிய பகுதி மாலையிலும் அமைவதால், களைத்துப்போன நேரத்தில் காற்று முதுகைத் தள்ளிக்கொண்டுவரும். மார்கழியில் காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் இந்தக் கணக்குத் தலைகீழாகிவிடுகிறது; பூதலூரிலிருந்து தஞ்சை வரையுள்ள கடைசி 20 கிலோமீட்டரும் எதிர்க்காற்றாகிவிடும். அந்தக் காலத்தில் பூதலூர், திருக்காட்டுப்பள்ளிப் பகுதியினர் இதே வட்டத்தைத் தம் ஊரிலிருந்து தொடங்கி, காலையில் தஞ்சைக்கு வந்து, திருவையாறு கண்டு, பிற்பகலில் மேற்கே திரும்பினால் காற்று அவர்களுக்குத் துணையாகும். சுருங்கச் சொன்னால், தஞ்சைக்காரர்களுக்கு ஆடி, பூதலூர்க்காரர்களுக்கு மார்கழி!

சாலையில் காயும் நெல்

தை மாதத்தின் பிற்பகுதியை மேலே நாம் சேர்க்காமல் விட்டதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதத்தில் பதினான்கு பேர் கொண்ட குழுவோடு இந்த வழியில் யாம் சென்றோம். வரைபடத்தைப் பார்த்து, தூரத்தை நேரத்தால் வகுத்து, எல்லாம் சரியென்று எண்ணியிருந்தோம். குழுவில் பதினோராம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி சற்றுப் பின்தங்கியே வந்தாள். முன்னே சென்றவர்கள் நிழலில் நின்று காத்திருப்பார்கள். அவள் வந்து சேர்ந்தவுடன் புறப்பட்டுவிடுவார்கள். காத்திருந்தவர்களுக்கு ஓய்வு, வந்து சேர்ந்தவளுக்கு ஓய்வில்லை. இந்த அநியாயம் அப்போது எமக்குப் புலப்படவில்லை.

உச்சிப்பொழுது நெருங்கிய நேரத்தில், நடுக்காவேரியைத் தாண்டி ஒரு வளைவில், சாலையின் பாதியில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. முன்னால் போனவர்கள் ஒதுங்கிச் சென்றுவிட்டார்கள். எட்டிப் பிடிக்கும் அவசரத்தில் வந்த அந்தப் பெண், எதிரே பேருந்து வரவே நெல்லின் மேல் சைக்கிளை விட்டு, பிரேக்கையும் பிடித்துவிட்டாள். காய்ந்த நெல் சக்கரத்தின் அடியில் மணலைவிட மோசமாக வழுக்கும். முழங்கையும் முழங்காலும் சிராய்ந்தன. பேருந்து ஓட்டுநர் நிறுத்தியதால் அதற்கு மேல் ஒன்றும் நேரவில்லை. நெல்லுக்குக் காவலிருந்த மூதாட்டி ஓடிவந்தார். நாங்கள் நெல் சிதறியதற்கு மன்னிப்புக் கேட்கத் தொடங்கினோம். “நெல்லு கெடக்கட்டும், புள்ளைக்கு மொதல்ல தண்ணி குடுங்க” என்றார் அவர்.

காயத்தைக் கழுவிக் கட்டியபின் அனைவரும் உட்கார்ந்து, மண்ணோடு கலந்த நெல்லைக் கூட்டி அள்ளிப் புடைத்துக் கொடுத்தோம். ஒரு மணி நேரம் ஆயிற்று. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பொதுவிதி. மழை மிகுந்த பருவங்களில் இது சிறிது தளர்த்தப்படுவதும் உண்டு. களம் போதாத ஊரில், பனி பெய்யும் தை மாதத்தில், அந்த வரம்புக்குள் நெல்லை உலர்த்தத் தார்ச்சாலையே அவர்களுக்குக் கிடைத்த களம். சாலையில் நெல் உலர்த்துவது ஆபத்தானது என்பதில் ஐயமில்லை. ஊர்தோறும் போதிய உலர்களம் அமைவதே அதற்குப் பரிகாரம். ஆனால் அன்று அந்தச் சாலையில், ஒரு குடும்பத்தின் ஐந்து மாத உழைப்பின் மேல் பொழுதுபோக்காகச் சைக்கிள் ஓட்டி வந்தவர்கள் நாங்களே.

அன்று கற்றவற்றைச் சொல்லிவிடுகிறோம். அறுவடை மும்முரமாக நடக்கும் வாரங்களில் இந்த வழிக்குப் போகாதிருப்பது முதலாவது. குறுவை அறுவடை நடக்கும் புரட்டாசிக்கும் இது பொருந்தும். போக நேர்ந்தால், நெல்லைக் கண்டவுடன் இறங்கித் தள்ளிக்கொண்டு செல்ல வேண்டும். அறுவடை இயந்திரத்தை ஏற்றிவரும் வண்டியோ வைக்கோல் டிராக்டரோ எதிர்ப்பட்டால், சாலை ஓரத்தில் நின்று வழிவிடுவதே முறை. பின்தங்கி வருபவர் சேர்ந்ததும் அவருக்காக ஐந்து நிமிடம் முழுக் குழுவும் நிற்க வேண்டும். இன்னும் நல்ல ஏற்பாடு, மெதுவாகச் செல்பவரை வழிகாட்டிக்கு அடுத்தபடியாக இரண்டாவது இடத்தில் விடுவது. அப்போது பின்தங்குதல் என்ற பேச்சே எழாது. பழக்கமுள்ள ஒருவர் எல்லோருக்கும் கடைசியாக வரட்டும். பழுது பார்க்கும் சாமான்கள் அவரிடம் இருக்கட்டும். முன்னால் செல்பவரிடம் இருந்தால், பின்னால் பஞ்சரானவருக்கு அவற்றால் பயனில்லை.

சைக்கிளும் சாமான்களும்

விலையுயர்ந்த சைக்கிள் எதுவும் வேண்டியதில்லை. தமிழ்நாட்டு அரசு பள்ளி மாணவர்களுக்கு விலையில்லாமல் வழங்கும் சைக்கிளே இதற்குப் போதும். பிளஸ் டூ முடிந்ததும் வீட்டுத் திண்ணையில் சாய்ந்து துருவேறிக் கிடக்கும் சைக்கிள்கள் எத்தனையோ! பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில், 1990களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டக் கற்பதையும் சேர்த்து நடத்தியதும், பல்லாயிரம் கிராமப் பெண்கள் அதன் வழியாகத் தாமே வெளியே சென்று வரும் தைரியம் பெற்றதும் பலர் அறிந்த செய்தி. அவர்கள் கற்றுக்கொண்டதும் சாதாரணச் சைக்கிளில்தான். பெண்களை மனத்திற்கொண்டு திட்டமிடுபவர், கழிப்பறை வசதியுள்ள இடங்களை முன்னரே விசாரித்து வைக்க வேண்டும். இதை மறந்துவிடுவதால் பெண்கள் தண்ணீர் குடிக்காமலே மிதித்து மயங்கி விழுகிறார்கள்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே சைக்கிளைக் கடையில் காட்டிவிடுவது நல்லது. முதல் நாள் மாலை காட்டினால், புதிதாக மாற்றிய உறுப்பு வழியில்தான் சோதனைக்கு வரும். பிரேக் கட்டைகள் தேய்ந்திருக்கக் கூடாது. சங்கிலிக்கு எண்ணெய், சக்கரங்களில் ஆட்டமின்மை, டயரில் போதுமான காற்று, பின்புறம் சிவப்புப் பிரதிபலிப்பான் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மிதி அடியில் இருக்கும்போது கால் ஏறக்குறைய முழுதும் நீளும்படி இருக்கை உயர்ந்திருக்க வேண்டும். நம் ஊரில் பெரும்பாலோர் இருக்கையைத் தாழ்த்தியே ஓட்டுகின்றனர்; ஐந்து கிலோமீட்டருக்கு அது தெரியாது, ஐம்பது கிலோமீட்டரில் முழங்கால் சொல்லிவிடும். தலைக்கவசம் இருந்தால் அணிவது நல்லது. குழுவுக்கு ஒரு பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான், இரண்டு டியூப், வால்வு டியூப் துண்டுகள், ஒரு ஸ்பானர், சிறு முதலுதவிப் பெட்டி ஆகியவை போதும். ஆம்புலன்ஸ் எண் 108 எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

ஆற்றங்கரை மண்பாதை பார்க்க மிக அழகாயிருக்கும். மழை பெய்திருந்தால் அதன் பக்கம் திரும்பாதீர்கள். டெல்டாக் களிமண் டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே அடைத்துக்கொண்டு சக்கரத்தைச் சுழலவிடாது. பிறகு சைக்கிளை நாம்தான் சுமக்க வேண்டியிருக்கும்.

ஆடி மாதத்தில் ஒரு நாள்

தஞ்சையிலிருந்து காலை 5.45க்குப் புறப்படலாம். சராசரி வேகம் மணிக்கு 12 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். திருவையாற்றை 7 மணியளவில் அடைந்து, காவிரிக் கரையில் சிறிது நின்று, சிற்றுண்டி அருந்தலாம். இவ்வூரின் அசோகா அல்வா பெயர் பெற்றது. வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு மாலையில் உண்பது நலம். நெய் மிகுந்த பண்டத்தை உண்டுவிட்டு மிதிப்பது நலமன்று. 8 மணிக்குக் கிளம்பி, கண்டியூருக்குத் திரும்பி, மேற்கே செல்லும் சாலையைப் பிடிக்க வேண்டும். வலப்புறம் காவிரி, இடப்புறம் குடமுருட்டி. இரண்டு ஆறுகளுக்கு நடுவே வயலும் வாழைத் தோட்டமும். இந்தப் பயணத்தின் இனிய பகுதி இதுவே. இங்கே அவசரப்படலாகாது. நடவு நடக்கும் வயல் அருகே நிறுத்தி, அனுமதி கேட்டு, அங்கிருப்பவர்களோடு பேசலாம். முறை வைத்துத் தண்ணீர் விடும்போது கடைமடைக்கு எப்போது நீர் எட்டுகிறது, விதைநெல் எங்கே வாங்குகிறார்கள், நடவுக்கு ஆள் கிடைக்கிறதா என்று கேட்டால் மகிழ்ந்து சொல்வார்கள். சேற்றில் வேலை செய்யும் பெண்களைக் கேளாமல் படமெடுப்பதும், நாற்றங்கால் ஓரத்தில் சைக்கிளைச் சாய்ப்பதும் கூடாது.

11 மணிக்குள் திருக்காட்டுப்பள்ளியை அடைந்துவிடலாம். அங்கே 3 மணி வரை தங்க வேண்டும். நான்கு மணி நேரம் வீணாகிறதே என்று இளைஞர்கள் முணுமுணுப்பார்கள். வெயிலில் மிதித்து நாளை மிச்சப்படுத்தியவர் யாருமில்லை. பள்ளிக்கூடமோ சமுதாயக் கூடமோ தங்கக் கிடைக்குமா என்று ஊராட்சியிலோ பேரூராட்சியிலோ முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்ளலாம். ஆளுக்கு மணிக்கு அரை லிட்டர் தண்ணீராவது உள்ளே போக வேண்டும். மோரில் சற்று உப்பிட்டுக் குடிப்பது இன்னும் நல்லது. தயிர்சாதம் போன்ற எளிய உணவும் ஓர் உறக்கமும் பிற்பகலுக்குப் போதிய பலம் தரும். குடமுருட்டி பிரியும் இடத்தை இந்த ஓய்வு நேரத்திலேயே பார்த்துவிடலாம்.

ஆனால் ஆற்றில் குளிக்க இறங்குவதை அறவே தவிர்க்க வேண்டும். மேலே அமைதியாகத் தோன்றும் நீருக்கடியில் பள்ளங்களும் சுழலும் இருக்கக்கூடும். தலைப்பு மதகுகளின் அருகே நீரின் இழுப்பு மிகக் கடுமை. வேர்த்து வந்த குழுவில் ஒருவர் இறங்கினால் மற்றவர்களும் இறங்குவார்கள். ஆகையால் புறப்படும் முன்பே இதை விதியாகச் சொல்லி, எல்லோரிடமும் ஒப்புதல் பெற்றுக்கொள்ள வேண்டும்.

3 மணிக்குப் புறப்பட்டால் வெண்ணாற்றைக் கடந்து முக்கால் மணி நேரத்தில் பூதலூர். இப்பகுதியில் காணும் புது ஆறு என்னும் கல்லணைக் கால்வாய், மற்ற ஆறுகளைப் போல இயற்கையாக அமைந்ததன்று. 1934இல் மேட்டூர் அணை நிறைவேறிய காலத்தில், அதே திட்டத்தின் பகுதியாக வெட்டப்பட்டது. தெற்கே ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்து மேட்டு நிலங்களுக்கு நீர் கொண்டு செல்வது. தஞ்சை நகருக்குள்ளும் இதையே காண்கிறோம். பூதலூர் ரயில் நிலையம் நம் திட்டத்தில் ஒரு பாதுகாப்பு வாயில். இதுவரை 40 கிலோமீட்டர் வந்தாயிற்று; முடியாதவர் யாரேனும் இருந்தால் துணைக்கு ஒருவரோடு ரயிலிலோ பேருந்திலோ திரும்பட்டும்; சைக்கிளைச் சிறு சரக்கு வண்டியில் ஏற்றி அனுப்ப ஏற்பாடு செய்யலாம். இதற்கென்று குழுவின் பணத்தில் சிறிது தனியே வைத்திருப்பது தலைவரின் கடமை. ரயிலில் திரும்பியவரைக் கேலி செய்பவரை அடுத்த பயணத்திற்கு அழைக்க வேண்டியதில்லை.

மேல்காற்றுத் துணைவர, பூதலூரிலிருந்து தஞ்சைக்கு இரண்டு மணி நேரத்திற்குள் வந்துவிடலாம். ஆடியில் ஆறரை மணி வரை வெளிச்சம் இருக்கும். ஆறு மணிக்குள் எல்லோரும் சேர்ந்துவிட்டார்களா என்று எண்ணிப் பார்த்த பிறகே கலைய வேண்டும். அன்றிரவே ஒருவர் உட்கார்ந்து, குடிநீர் கிடைத்த இடம், நிழல் இருந்த இடம், சாலை பழுதுற்ற இடம், கழிப்பறை திறந்திருந்த இடம், பஞ்சர் ஒட்டும் கடை ஆகியவற்றை ஒரு தாளில் குறித்து மன்றத்தின் பதிவேட்டில் ஒட்டிவைக்கட்டும். அடுத்து இந்த வழியில் செல்பவர்களுக்கு வரைபடத்தைவிட அந்தத் தாள் அதிகம் உதவும்.